எனக்கு ஜெர்மன் தெரியாது

"தலைய ஆட்டாத அம்மிணி" என்றேன். அவள் ஆட்டவே இல்லை. எனக்குத்தான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா இருந்தால் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று தெரிந்துபோகும். சமையலறை ஜன்னல் ஓரமாக முக்காலியில் என் மகள் எழில், அவளுக்குப் பின்னால் நாற்காலியில் நான், மேடைமேல் கிண்ணத்தில் சூடு பண்ணின தேங்காய் எண்ணெய். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைக்கு எண்ணெய் வைப்பது ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த பிறகும் நான் விடாத பழக்கம். அந்த நேரம் பார்த்து சிநேகிதி யோஹானாவுக்கு ஃபோன் போடுவது அவள் விடாத பழக்கம். ஃபோனை வலது காதில் வைத்துக்கொண்டு அவள் ஜெர்மனில் பேச, இடது பக்கத்துச் சிக்கை நான் எடுக்கிறேன். என்னை வைத்துக்கொண்டேதான் பேசுகிறாள். ஏன் பேசமாட்டாள், அம்மாவுக்குத்தான் ஜெர்மன் தெரியாதே. பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மாதிரி இந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் பள்ளிக்கூடத்துக்கு அப்பா வருவார், டாக்டரிடம் அப்பா பேசுவார், கீழ்வீட்டுக் கிழவி மாடிப்படி கூட்டுகிற முறை உன்னுடையது என்று சண்டைக்கு வந்தால் அம்மா மண்டையை ஆட்டிச் சிரிப்பாள். அந்தக் கிழவி சொன்னதில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. வளர்ப்பு சரியில்லை என்றது கூடப் புரிந்தது. திருப்பிக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு எழில் நின்றாள், அவளுக்கு முன்னால் நான் எப்படி ஜெர்மனில் வாயைத் திறப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். "என்னங்மா கிழவி சொல்லுது தெரியுமா, நீங்க படி கூட்டோணுமாமா" என்று எழில் தமிழில் சொன்னாள். வளர்ப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாளா, மறைத்துவிட்டாளா என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்றைக்கும் அது தீரவில்லை.

இதை ஆரம்பித்து வைத்தது சுலோசனா அக்கா. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், எழில் என் இடுப்பில் இருந்த காலத்தில், கையில் பொங்கல் தட்டோடு என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இங்க பாரு வசந்தாமணி, உனக்கு ஜெர்மன் தெரியும்னு புள்ளைக்குத் தெரிஞ்சுதுன்னா தமிழ் போச்சு. தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். தெரியாத மாதிரியே இருந்துக்க. நாந்தான் ஏமாந்துட்டேன்." அவள் பையன்கள் இரண்டு பேரும் அவளோடு ஜெர்மனில்தான் பேசினார்கள், பேங்க் கவுண்டரில் நின்று பேசுவதுபோல மரியாதையாக, சுருக்கமாக, வேலை முடிந்ததும் நகர்ந்து போனார்கள். எனக்குப் பகீரென்றது. குழந்தை வருவதற்கு முன்னால் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினவள் நான். பக்கத்து ஊர் பேக்கரியில் மாவு பிசைகிற இடத்தில் வேலை, அங்கே நான் போடுகிற சத்தத்தை எழில் கேட்டால் மயங்கி விழுவாள். மூட்டையை ஈரத்தில் இறக்கிவிட்டுப் போகிற லாரிக்காரனை நான் திட்டுவதற்கென்றே பேக்கரியில் ஒரு கூட்டம் கூடும். அந்த வாயை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்தேன், வீட்டுக்காரரும் இதற்கு உடந்தை. எழில் கிண்டர்கார்டனிலிருந்து முதல் ஜெர்மன் சொல்லைக் கொண்டுவந்து காட்டினபோது, அவள் கையிலேயே பந்து இருந்தது, சொன்னதும் பந்தைத்தான், "அப்படீன்னா என்ன கண்ணு, அம்மாளுக்குப் புரியலையே" என்றேன். பாவம், என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு பெரிய பொம்பளைக்குப் பந்து தெரியவில்லையே என்ற கவலை அந்த முகத்தில். "பந்துங்மா" என்றாள். கோயில் மணி அடித்தது மாதிரி இருந்தது எனக்கு. அன்றிலிருந்து அந்தப் பொய்தான் இந்த வீட்டில் தமிழுக்குச் சோறு போட்டது. டி.வி.யில் எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று யாருக்குத் தெரியும், அழுகையை அடக்கலாம், சிரிப்பை அடக்கினால் முதுகு வலிக்கிறது. பலன் இல்லாமல் இல்லை. போகோணும் வரோணும் என்று, அவத்த இவத்த என்று, கோயமுத்தூரை விட்டு நான் எந்தத் தமிழோடு கிளம்பினேனோ அதையே எழில் பேசுகிறாள். போன வருஷம் ஊருக்குப் போனபோது அவள் வாயைத் திறந்ததும் அத்தை பிள்ளைகளெல்லாம் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அதுகளுக்கு வாயில் பாதி இங்கிலீஷ். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், நான் வேறெங்கோ பார்த்தேன்.

இன்றைக்கு யோஹானா சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. வழக்கமாக அந்தப் பெண்ணின் குரல் ஃபோனைத் தாண்டி என் காது வரைக்கும் வரும், சின்ன வயதில் விசில் விழுங்கினவள் மாதிரி பேசுவாள். சரி, ஏதோ ரகசியம். ரகசியம் என்றால் என்ன ரகசியம்? இரண்டு மூன்று மாதமாகவே எனக்குச் சரியாகப் படவில்லை. "நீ ஒருத்தி, நெழலப் பாத்தாக்கூட யாரு வூட்டுதுன்னு கேப்ப" என்று என் வீட்டுக்காரர் கனகராஜ் சொல்வார். சொல்லட்டும். சந்தேகம் என் கூடப் பிறந்தது, சோறு போட்டு வளர்த்திருக்கிறேன், அது என்னை ஏமாற்றினதில்லை. அலமாரியில் மேல்தட்டில் இருந்த வெந்நீர்ப் பை இடம் மாறியிருந்தது. தொட்டால் லேசாகச் சூடு. யாருக்கு எதற்கு வெந்நீர்ப் பை? கேட்டதற்கு "சும்மா, குளிருச்சுங்மா" என்றாள், ஹீட்டர் எரிகிற வீட்டில். அப்புறம் அவளுடைய நீல பேன்ட். யோஹானா வீட்டில் தங்கிவிட்டு வந்த மறுநாள் துவைக்கப் போடலாம் என்று எடுத்தேன், ஏற்கெனவே துவைத்து மடித்து இருந்தது, மூக்கில் வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சோப்பு இல்லை, ஏதோ பூ வாசனை. பேன்ட்டைக் கழற்றித் துவைக்கிற அளவுக்கு என்ன நடந்தது? வகுப்பில் லூகாஸ் என்று ஒரு பையன், பேச்சில் அடிபடுகிற பெயர், சைக்கிளில் இவளோடு தெருமுனை வரை வருகிறவன். அங்கே ஓடியது என் புத்தி. ஓடி, திரும்பி வந்து, மறுபடியும் ஓடியது. ராத்திரிச் சோற்றில் கைவைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பேன். "என்னங்மா அப்படிப் பாக்கறீங்க" என்பாள். "ஒண்ணுமில்ல, ரசம் போதுமா" என்பேன். அதனால்தான் வெள்ளிக்கிழமைகளுக்காகக் காத்திருந்தேன். இந்த எண்ணெய்க் கிண்ணம்தான் என் உளவு. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் ஃபோனைத் திறந்து பார்க்கிறார்கள், எனக்கு அந்தத் தேவையே இல்லை, என் மடியில் தலையைக் கொடுத்துவிட்டு அவளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு.

அப்படித்தான் நினைக்கிறாளா? இந்த ஒரு முடிச்சில் வந்து என் சீப்பு அடிக்கடி நிற்கும். போன கோடையில், பார்க்கில் புல்மேல் உட்கார்ந்திருந்தபோது, என் தோளைப் பார்த்து நிதானமாக ஜெர்மனில் சொன்னாள், அம்மா உங்கள் தோளில் எட்டுக்கால் பூச்சி என்று. பார்த்தாயா சோதிக்கிறாள் என்று உடனே பிடித்துக்கொண்டேன். அசையவில்லை நான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வாத்துகளைப் பார்த்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு பெருமை எனக்கு, எம்மாடி இவளையே ஜெயித்துவிட்டேன் என்று. பிறகு பார்த்தால் நிஜமாகவே எட்டுக்கால் பூச்சி, கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டது, நான் போட்ட கூச்சலில் வாத்துகள் தண்ணீருக்குள் ஓடின. எழில் சிரிக்கவில்லை. தட்டிவிட்டாள், புல்லில் கொண்டுபோய் விட்டாள், வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு நான் பாஸா ஃபெயிலா என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஃபோனில் இப்போது அவள் குரல் இறங்கியிருக்கிறது. மறுபடியும் வந்துவிட்டது என்கிறாள். காலையிலிருந்து என்கிறாள். எது வந்தது? என் விரல் சிக்கிலேயே இருக்கிறது, "எத்தன சிக்கு பாரு, கழுத முடியாட்ட" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்கிறது. அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். முதல் தடவை உங்கள் வீட்டில்தான் வந்தது, பேன்ட் எல்லாம் ரத்தமாகிவிட்டது, எனக்கு அழுகையாக வந்தது, பிர்கிட் ஒன்றுமே பெரிதாகக் கேட்கவில்லை, பாத்ரூமில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பேன்ட்டைத் துவைத்துப் போட்டாள். பிர்கிட் என்பது யோஹானாவின் அம்மா. லூகாஸும் இல்லை, சைக்கிளும் இல்லை. என் மகள் வயசுக்கு வந்துவிட்டாள், வந்து மாதங்களாகிவிட்டன, அது எவளோ ஒரு பிர்கிட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பூ வாசனைச் சோப்பு. அவள் கை பட்டுத் துவைத்த பேன்ட்டை நான் மூக்கில் வைத்து மோந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பிர்கிட்டை அடிக்க வேண்டும் போலவும் அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அப்புறம் எழில் சொன்னாள், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது, தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தமிழில் சொன்னால் அது 'எனக்கு வலிக்கிறது' என்பதோடு நிற்காது. தமிழில் சொன்னால் மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

சீப்பு நின்றது. நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று தெரியும், ஆனாலும் நின்றது. பொள்ளாச்சி ஞாபகம் வந்தது. போன வருஷம் என் நாத்தனார் மகள் ஷர்மிளா வயசுக்கு வந்ததற்குத் தெரட்டிச் சீர், பெரிய மண்டபம், வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸில் அந்தப் பெண் நகையும் பட்டுமாக நிற்க, தாய்மாமன் வீட்டாராக நாங்கள் சீர்த்தட்டுகளை வரிசையாகத் தூக்கிவர மேளம் முன்னால் போனது. எழில் அந்த ஃப்ளெக்ஸ் கீழே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள், படிக்கவும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன். "இது எல்லாத்துக்கும் தெரியுமாங்மா?" என்று கேட்டாள். "தெரியோணும்ல கண்ணு, அதுக்குத்தான பண்றது. உனக்கு இன்னும் பெருசாப் பண்ணுவாரு மாமன்" என்றேன். பக்கத்திலிருந்த என் அண்ணன் செல்வராசு, "அம்மிணி, நீ பெரியவளானதும் ஒரு ஃபோன் போடு, மாமன் ப்ளேன்ல சீர் கொண்டாறேன்" என்று எல்லாரும் கேட்கச் சிரித்தார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான் சமையல்காரரைச் சந்தேகப்பட்டேன். யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அந்த ஆளை மட்டும் விட்டுவிட்டேன். சோறு, குழம்பு, கோலம், கொலுசு என்று எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் கொடுத்திருக்கிறேன், திட்டுவதற்குக்கூடக் கொடுத்திருக்கிறேன், இதற்கு ஒரு சொல் கொடுக்கவில்லை, ஒரு மேளத்தைக் கொடுத்திருக்கிறேன். யார் மேலே கோபப்படுவது என்று தெரியாமல் சீப்பிலிருந்த முடியை இழுத்து இழுத்து எடுத்தேன்.

இரு. என் புத்தி அழுதுகொண்டிருக்கும்போதும் ஒரு ஓரத்தில் கணக்குப் போடும். உங்கள் வீட்டில்தான் வந்தது, பிர்கிட் துவைத்தாள் என்று இவள் யாரிடம் சொல்கிறாள்? யோஹானாவிடம். யோஹானா வீட்டில் நடந்ததை யோஹானாவுக்கே கதையாகச் சொல்வார்களா, முதலிலிருந்து, பெயர் பெயராக, அவள் அங்கே இல்லாத மாதிரி? விசில் விழுங்கினவள் இவ்வளவு நேரமாக ஒரு 'ம்' போடாமல் இருப்பாளா? "இந்தப் பக்கம் முடிஞ்சுது, ஃபோன மாத்து அம்மிணி" என்றேன். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து இடது கைக்கு மாற்றினாள். பேசிக்கொண்டிருக்கிற ஃபோனைக் காதிலிருந்து எடுத்தால் முகத்தில் வெளிச்சம் அடிக்கும், பெயர் தெரியும். வெளிச்சம் வரவில்லை. கறுப்பாக இருந்தது, அடுப்புக்கல் மாதிரி, அதில் ஜன்னலும் என் தலையும் தெரிந்தன. அந்தக் கறுப்பை அவள் இடது காதில் வைத்துக்கொண்டு, வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தப் பக்கம்தான் ஆள் இருந்தது. எப்போது கண்டுபிடித்தாள்? எட்டுக்கால் பூச்சி அன்றைக்கா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரியாதவள் என்றால் என்ன செய்வாள், திரும்பி "என்ன சொன்ன கண்ணு?" என்று கேட்பாள். பந்தைக் காட்டினபோது கேட்டேனே, அதோடு சரி. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அவள் ஜெர்மனில் சொன்ன எதையும் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதே இல்லை. எல்லாம் புரிந்தவள் எதற்குக் கேட்கப் போகிறாள். அப்படியானால் இவளுக்கு எத்தனையோ நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் போகோணும் வரோணும் என்று பேசியிருக்கிறாள். கிழவி சொன்னதில் பாதியைத் தமிழில் சொல்லாமல் விட்டதும் தெரிந்துதான், எனக்கு இரண்டாவது தடவையும் குத்தக் கூடாது என்று. என் பொய்க்கு ஒரு கீறல் விழாமல் எனக்குச் சேதி சொல்ல இந்தச் செத்த ஃபோனைத் தேடி எடுத்திருக்கிறாள். நான் இப்படியே பேசாமல் பின்னிவிட்டுவிட்டால் போதும், எதுவும் உடையாது. நாளைக்கு நானாகவே கண்டுபிடித்த மாதிரி பாவனை பண்ணலாம். அதற்கும் இடம் விட்டுத்தான் பேசியிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். வாயைத் திறந்தால் கூடையைத் திறந்த மாதிரி, உள்ளே இருக்கிற கோழி திரும்பி வருமா? இன்றைக்கு ஒரு வாக்கியம், நாளைக்கு இரண்டு, அடுத்த பொங்கலுக்கு என் மகளும் என்னிடம் கவுண்டரில் நின்று பேசுவாள், சுருக்கமாக, மரியாதையாக. சுலோசனா அக்கா ஓரமாக நின்று தலையை ஆட்டுவாள். தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஆனால் அந்த முதுகு என் முழங்காலுக்கு முன்னால் விறைத்துப்போய் இருந்தது. பேச்சு முடிந்தும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தாள், பதில் வரும் என்று காத்திருக்கிறவர்கள் வைத்திருப்பதுபோல. அடுப்பில் கெட்டில் ஆறிப்போயிருந்தது. வெந்நீர்ப் பை எங்கே வைத்தோம் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. போ, தமிழ் போனால் போகட்டும் என்று நினைத்தேன், அப்படி நினைப்பேன் என்று எனக்கே தெரியாது. சீப்பைக் கீழே வைத்தேன். வலிக்குதா என்று கேட்டேன், ஜெர்மனில். வாயில் வந்தது பேக்கரி ஜெர்மன், மூட்டை தூக்குகிறவர்கள் பேசுவது.

அவள் திரும்பவில்லை. ஃபோனை மெதுவாக மடியில் வைத்தாள். தோள் இரண்டும் இறங்கின.

"அடிவவுத்துல வலிக்குதுங்மா" என்றாள். தமிழில். "மொத நாளு மட்டுந்தான். அப்புறம் சரியாப் போயிரும்."

நான் எழுந்து கெட்டிலைப் போட்டேன். அழுகிறேன் என்று தெரியாமலிருக்கச் சுவரைப் பார்த்து நின்றேன். "மாமங்கிட்டச் சொல்லாதீங்மா" என்று பின்னாலிருந்து கேட்டது. "யாருகிட்டயும் சொல்லலைடா சாமி. உங்கப்பங்கிட்ட மட்டும், நீ சரின்னா" என்றேன். "சரிங்" என்றாள். வெந்நீர்ப் பையை நிரப்பித் துண்டில் சுற்றிக் கொடுத்தேன், வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து சீப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அந்தப் பிர்கிட் சோப்பு வாசம் எனக்குப் புடிக்கவே இல்லீங்மா. இனி நீங்களே தொவச்சுக் குடுங்க" என்றாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா, என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாளா என்று ஒரு சந்தேகம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு வலது பக்கத்துச் சிக்கை எடுக்க ஆரம்பித்தேன்.